வெள்ளத்தில் விழுந்த வீடுகளைச் சபை வாலிபர்கள் போய்க் கட்டிக்கொடுக்க முடியுமா?

நாசரேத் பக்கத்துப் பையன்
7 ஜனவரி 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபை எங்களுடையது. வாலிபர் சங்கத்துக்கு இந்த வருஷம் நான் செயலாளர்.

டிசம்பர் 17 ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை பிடித்துவிட்டது. அன்று ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் போவதாக இருந்தோம். கிறிஸ்மஸ் தாத்தா உடுப்பை இஸ்திரி போட்டு எங்கள் வீட்டு அலமாரியில் தொங்கவிட்டிருந்தேன், இன்னும் அங்கேதான் தொங்குகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று உலகத்துக்கே தெரிந்தபோது எங்களுக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பக்கத்து ஊர் மூழ்கிக் கிடந்ததே எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

முதல் வாரம் எல்லாரையும் போல நாங்களும் புளியோதரை பொட்டலம், தண்ணீர் பாட்டில், பாய், பெட்ஷீட் என்று டிராக்டரில் கொண்டு போனோம். இப்போது பொட்டலம் யாருக்கும் வேண்டியதில்லை. ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் தாமிரபரணி ஆற்றோரமாக ஒரு ஊர் (பேர் போடவில்லை, அவர்களைக் கேட்காமல் போடுவது சரியில்லை). அங்கே பதினோரு வீடு விழுந்து கிடக்கிறது. சிலது முழுதாக, சிலது ஒரு பக்கச் சுவர் மட்டும். ஜனங்கள் இன்னும் பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலுமாக இருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது: கிறிஸ்மஸ் விருந்தை நிறுத்தியது, பெண்கள் சங்கத்தின் கைப்பிடி அரிசிப் பணம், வளைகுடாவில் இருக்கிற அண்ணன்மார் அனுப்பியது எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். ஆள் இருபத்திரண்டு பேர். அதில் கரணை பிடிக்கத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. நான் பி.காம்.

ஐந்து வீட்டையாவது நாமே கட்டிக்கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஆசை. சேகரக் கமிட்டியில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரக் குழு) ஒரு பெரியவர், "பணத்தைப் பதினொன்றாகப் பங்கு வைத்துக் கையில் கொடுத்துட்டு வாங்கப்பா" என்கிறார். இன்னொருவர் தகர ஷீட் வாங்கி இறக்கினால் போதும் என்கிறார். மூன்றாமவர், "முதல்ல நம்ம ஜனத்துக்குப் பாருங்க" என்றார். அந்தப் பதினொன்றில் சபை வீடு மூன்றுதான்.

இந்த மாதிரி வேலைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது?

உப்பளக்காரன், முத்தையாபுரம்
7 ஜனவரி, இரவு 10.15

ஒன்றே ஒன்று. பேனர் அடிக்காதீர்கள். எங்கள் தெருவுக்கு ஒரு குழு வந்தது. அரிசிப் பையைவிட பேனர் பெரிசு. நாலு பேர் பேனரைப் பிடிக்க, ரெண்டு பேர் போட்டோ எடுக்க, ஒரே ஒரு ஆள் பையைக் கொடுக்கிறார். எங்கள் அம்மாவை மூன்று தடவை வாங்கச் சொன்னார்கள், போட்டோ சரியாக விழவில்லையாம். பை என்னவோ ஒன்றுதான்.

சாயர்புரம் கொத்தனார்
8 ஜனவரி, காலை 5.50

தம்பி, நான் முப்பத்தோரு வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். எனக்கு டைப் அடிக்க வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, பிழையை மகள் திருத்தித் தருகிறாள். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளும்.

2018-ல் கஜா புயல் நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் சபையிலிருந்து பதிமூன்று பேர் வேன் பிடித்துப் போனோம். கொத்தனார் என்று நானும் என் மச்சினனும்தான். மற்றவர்கள் உன்னைப் போல, ஒரு வாத்தியார், ரெண்டு காலேஜ் பையன்கள், பால் ஊற்றுகிறவர், எங்கள் கோயில்பிள்ளை (சர்ச்சில் மணி அடித்து மற்ற வேலை பார்க்கிறவர்). போகும்போது எங்களுக்கும் உன் ஆசைதான். பத்து நாளில் ஆறு வீடு. தென்னை எல்லாம் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்ததைப் பார்த்த முதல் நாளே பேச்சு நின்றுவிட்டது. கடைசியில் முடித்தது இரண்டு வீடு. மூன்றாவதற்குச் சுவர் எழுப்பிவிட்டு, கூரை போடாமல் திரும்பினோம். அந்த வீட்டுக்காரர் வேன் வரைக்கும் வந்து, கோபப்படாமல், "அடுத்த மழைக்கு முந்தி வருவீங்களா?" என்று கேட்டார். நாங்கள் போகவில்லை. ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இப்போதும் மழை இறங்கினால் அந்த மொட்டைச் சுவர்தான் எனக்குக் கண்ணில் நிற்கும். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: ஐந்து என்று வாயால் சொல்லாதே. ஒன்றைத் தொடு. கதவு போட்டுப் பூட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுத்த பிறகு இரண்டாவதைத் தொடு.

அப்புறம், புயல் வேறு, வெள்ளம் வேறு. காற்று கூரையிலிருந்து தொடங்கும். வேதாரண்யத்தில் சுவர் நின்றது, மேலே ஒன்றும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கிற ஜே ஹூக்கை ரெண்டு வரிக்கு ஒன்று என்று மிச்சம் பிடித்துப் போட்டிருந்தார்கள். காற்று ஓரத்தில் உள்ளே புகுந்து தூக்கிவிட்டது. அங்கே எங்கள் வேலை பாதி, ஓரத்துக் கட்டுதான். இங்கே தண்ணீர் அடியிலிருந்து தொடங்கியிருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகள் செங்கல்லாக இருந்தாலும் கட்டியது செம்மண் சாந்தில். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் வெளியே கல் வீடு மாதிரித் தெரியும். ரெண்டு நாள் தண்ணீர் நின்றால் இடுக்கில் உள்ள மண் கரைந்து வெளியே வந்துவிடும். செங்கல் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதில்தான் ஆபத்து. விழுந்த வீட்டைக் கண்டு பயப்படாதே, அது விழுந்துவிட்டது. விழாமல் நிற்கிற சுவரைப் பார். ஈரமாக இருக்கும்வரை ஒட்டிக்கொண்டு நிற்கும், வெயில் அடித்துக் காயக் காயச் சரியும். போன வாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சுவர், மதியம் ரெண்டு மணிக்கு, காற்றுகூட இல்லை, சாய்ந்தது. ஆடு ஒன்றுதான் போயிற்று.

எப்படிப் பார்ப்பது? தூக்குக்குண்டு ஒன்று வாங்கிக்கொள். சுவர் தலையில் கட்டையை வைத்து நூலை விடு. நூலுக்கும் சுவருக்கும் மேலே எவ்வளவு இடைவெளியோ கீழேயும் அவ்வளவே இருக்க வேண்டும். ரெண்டு விரல் வித்தியாசம் வந்தால் அந்தச் சுவருக்குக் கீழே ஆளை நிறுத்தாதே. அப்புறம் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு, இடுக்கில் ஒரு ஆணியை விட்டுப் பார். விரல் நீளம் தடையில்லாமல் போனால் உள்ளே மண் இல்லை என்று அர்த்தம். அதை இறக்கித்தான் கட்ட வேண்டும்.

இறக்குவது என்றால் இடிப்பது இல்லை. இதைத்தான் உன் இருபத்திரண்டு பேரும் செய்ய வேண்டும். பொக்லைன் வைத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் குப்பை. கையால் இறக்கினால் செங்கலில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும், ஓடும் கிடைக்கும், கூரைக்குப் போட்ட பனஞ்சட்டம், பனங்கை, அதுவும் கிடைக்கும். ஓட்டை எடுத்துச் சேறு போகக் கழுவி, நுனி விரலில் தொங்கவிட்டு, மடக்கிய விரலால் ஒரு தட்டு. 'டிங்' என்று கேட்டால் இந்தப் பக்கம் அடுக்கு. 'டொக்' என்றால் உள்ளே கீறல், அந்தப் பக்கம் போடு. எங்கள் காலேஜ் பையன்கள் முதல் நாள் கண்ணால் பார்த்தே பிரித்தார்கள், ரெண்டாம் நாள் காதால் பிரித்தார்கள். பனங்கையும் அப்படித்தான். வயிரம் பாய்ந்த பனை ரெண்டு நாள் தண்ணீரில் கிடந்ததால் கெடாது. நிழலில் கட்டை வைத்து அடுக்கிக் காய விடு, வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். சுத்தியலால் தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்தால் கரையான் தின்றது, விறகுக்குத்தான் ஆகும்.

சேற்றை அள்ளுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள்ளே மட்டும் அள்ளி வெளியே சுவரோரமாகக் குவித்தால், அந்தப் பாரம் வெளியிலிருந்து சுவரை உள்ளே தள்ளும். ரெண்டு பக்கமும் ஒரே மட்டமாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். சேறு மூன்று வாரத்தில் கருப்பட்டி மாதிரி இறுகியிருக்கும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டுக் காலையில் வெட்டு.

இன்னொன்று. ஆறு வாசலிலேயே மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது, ஓசி மணல் என்று சாந்து குழைக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி அந்த மணலைப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போ. வந்து பார்த்தால் கீழே மணல், மேலே வண்டல் தனித் தனியாகத் தெரியும். நான் போன வாரம் பார்த்த பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வண்டல். அதில் கட்டினால் நகத்தால் சுரண்டினாலே வரும். காசு போனாலும் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) வாங்கு. தேரிக்காட்டுச் செம்மணலும் ஆகாது, அது மாவு.

கட்டுக்குச் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு. கட்டின பிறகு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். சனிக்கிழமை கட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை வந்து பார்க்கிறவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். அந்த வீட்டு அம்மாவிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமோ வாளியைக் கொடுத்துப் பொறுப்பாக்கு. வேதாரண்யத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் சுவருக்குத் தண்ணீர் விட்டாள். ஒரு நாளும் தவறியதில்லை.

பூச்சுக்கு மட்டும் அவசரப்படாதே. ஈரச் சுவரில் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, ஒரு வருஷத்தில் ஏடு ஏடாக உரியும்.

கடைசியாக ஒன்று, உங்கள் கமிட்டிக்குச் சொல். கொத்தனாருக்குக் கூலி கொடுங்கள். ஊழியம் என்று சொல்லி அந்த ஊர்க் கொத்தனாரை ஓசியில் கூப்பிடாதீர்கள். அவன் வீடும் மூழ்கித்தான் இருக்கும், மூன்று வாரமாக அவனுக்கும் வேலை இல்லை. அந்த ஊர் ஆளையே பிடியுங்கள். கரணை அவன் கையில் இருக்கட்டும். உங்கள் இருபத்திரண்டு பேரும் அவனுக்கு நிமிந்தாள், சித்தாள். கல் எடுத்துக் கொடு, சாந்து குழை, சாரம் பிடி, தண்ணீர் தூக்கு. ஒரு கொத்தனாருக்குப் பின்னால் ஆறு பேர் ஓயாமல் நின்றால் அவன் வேலை ரெண்டு மடங்கு ஓடும். நீ மிச்சம் பிடிப்பது சித்தாள் கூலியைத்தான், அதுவே பெரிய தொகை. பி.காம். என்றால் கணக்கு உனக்கே தெரியும்.

பழைய வி.ஏ.ஓ.
8 ஜனவரி, காலை 11.20

கொத்தனார் அண்ணாச்சி கட்டடத்தைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன். இருபத்தெட்டு வருஷம் கிராம நிர்வாகத்தில் இருந்தவன்.

ஒரு செங்கலைத் தொடும் முன் பதினோரு வீட்டையும் நாலு பக்கமும் போட்டோ எடு. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், தண்ணீர் நின்ற தடம் சுவரில் தெரிய வேண்டும். காரணம் இருக்கிறது. முழுதாக இடிந்த வீட்டுக்குத் திரும்பக் கட்ட 4 லட்சம் வரை, பழுது பார்க்க 2 லட்சம் வரை என்று அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பு முடியாத வீட்டில் போய் நீங்கள் சுத்தம் பண்ணி, சுவரை இறக்கி, அழகாக அடுக்கி வைத்துவிட்டால், வருகிற ஆள் 'இங்கே வீடே இல்லையே' என்றோ 'வேலை நடக்கிறதே' என்றோ எழுதிவிட்டுப் போவார். உதவி செய்யப் போய் அவர்கள் வாயில் மண்ணைப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆகவே எந்த வீடு முதலில் என்று நீ கேட்டதற்கு என் பதில்: பட்டா உள்ளவர்களுக்குப் பட்டியலில் பேர் வரும், கொஞ்சம் தாமதமானாலும் பணம் வரும். அவர்களுக்குச் சேற்றை அள்ளிக் கொடு, விண்ணப்பம் எழுதிக் கொடு, போதும். ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிறவன் பாடுதான் திண்டாட்டம். ஆனால் அந்த இடத்திலேயே அவனுக்குக் கல் வீடு கட்டிக் கொடுக்காதே. அது அடுத்த வெள்ளத்தின் பாதை, நோட்டீசும் வரும். இடையில் இருக்கிறானே, பட்டா அப்பா பேரில், அப்பா செத்துப் பதினைந்து வருஷம், நாலு அண்ணன் தம்பி, ஒருத்தன் திருப்பூரில், வாரிசுச் சான்றும் கிடையாது, அவன்தான் எல்லாப் பட்டியலிலும் விழுந்து போகிறவன். வீடு அவனுடையதுதான், இடமும் சரிதான், காகிதம் மட்டும் இல்லை. உன் பணத்தை அங்கே போடு. கட்டும் முன்பு மற்ற அண்ணன் தம்பிகளிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள். இல்லாவிட்டால் கிரகப்பிரவேசத்தன்று பாகப்பிரிவினை நடக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

நனைந்த பத்திரங்களை வெயிலில் போட வேண்டாம் என்றும் சொல்லு. தாளுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்தட்டும். இழுத்துப் பிரித்தால் முத்திரைத்தாள் கையோடு வந்துவிடும்.

ஏரல் அக்கா
8 ஜனவரி, இரவு 8.05

நான் உதவி வாங்கின பக்கம். அதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா.

எங்கள் வீட்டில் தண்ணீர் ஃபேன் வரைக்கும். நாங்கள் எட்டுப் பேர் எதிர்வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ரெண்டு ராத்திரி. ஏரல் பாலம் போனதால் யாரும் வர முடியவில்லை. எங்களுக்கு முதலில் கஞ்சி கொடுத்தது பக்கத்துத் தெருப் பள்ளிவாசல். மூன்று நாள் கழித்து வேதக்கோயில் (சர்ச்) பையன்கள். ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு ரயில் நின்றதே, அவர்களுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்தார்கள். தண்ணீர் வந்தபோது எங்கள் ஆற்றங்கரையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. உங்கள் கமிட்டிப் பெரியவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், நான் வாதாட வரவில்லை.

வந்த பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு பேர், ஒரு ஐயர் (சபைப் போதகர்). ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியதும் எங்கள் மாமியார் பதறிப்போய், "சாமி, நீங்க இறங்காதீங்க" என்றார்கள். அவர் சிரித்துவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டார். நாங்கள் இசக்கியம்மனைக் கும்பிடுகிறவர்கள். பூஜை அலமாரி கவிழ்ந்து கிடந்தது. ஒரு பையன் அதைத் தொடும் முன்பு, "அக்கா, இதை நாங்க எடுக்கலாமா, நீங்களே எடுக்கீங்களா?" என்று கேட்டான். நான் எடுத்தேன். அவன் தண்ணீர் ஊற்றினான், நான் படத்தைக் கழுவினேன். அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பிள்ளையை நான் மறக்க மாட்டேன். ஜெபம் பண்ணட்டுமா என்று போகும்போது கேட்டார்கள். மாமியாரே பண்ணச் சொன்னார்கள். கேட்டுவிட்டுச் செய்தார்கள், அதுதான்.

எரிச்சலானதும் உண்டு. வேறொரு குழு வந்து, நான் பக்கத்தில் இல்லாதபோது, நனைந்தது எல்லாம் குப்பை என்று அள்ளி வெளியே போட்டுவிட்டார்கள். அதில் என் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருந்த டிரங்குப் பெட்டி, அம்மா கொடுத்த வெண்கல உருளி, அவர் எழுதி வைத்த வட்டிக்கணக்கு நோட்டு. உருளியைச் சேற்றில் தோண்டி எடுத்தேன். நோட்டு போனது போனதுதான். எதையும் தூக்கிப் போடும் முன் வீட்டுப் பொம்பளையைக் கேளுங்கள். குப்பை எது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இருபது ஆம்பளைப் பிள்ளைகள் வேலைக்கு வந்தால் நாங்கள் எங்கே ஒதுங்குவது? வீடு கட்டுகிறவர்கள் முதலில் நாலு தகரத்தை வைத்து ஒரு மறைப்புக் கட்டித் தாருங்கள், கக்கூசுக்கும் குளிக்கவும். பெண்கள் சங்கத்திலிருந்து ரெண்டு பேரையாவது கூட்டி வாருங்கள்.

நாசரேத் பக்கத்துப் பையன்
9 ஜனவரி, இரவு 10.30

அக்கா, உங்கள் பதிவை எங்கள் சங்கக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். 'நம்ம ஜனம்' என்று சொன்ன பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது என் தோளைத் தட்டி, "எந்த வீடோ அந்த வீடு, கணக்கு மட்டும் சரியா எழுது" என்றார்.

கொத்தனார் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. வெள்ளம் மறுபடியும் வந்தால்? தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும்? அங்கே தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றிருக்கிறது.

சாயர்புரம் கொத்தனார்
10 ஜனவரி, காலை 5.35

ஆள் உயரத்துக்குத் தரையைத் தூக்க முடியாது தம்பி, உன் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரமும் அஸ்திவாரத்திலேயே புதைந்துவிடும். தெரு மட்டத்திலிருந்து மூன்று அடி தூக்கு, அது வருஷா வருஷம் வருகிற தண்ணீருக்கு. பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் திறந்து, நடுவில் உள்ள காட்டாறும் சேர்ந்து வந்ததே, அந்தத் தண்ணீருக்குத் தரை போதாது, மேலே ஏற வழி வேண்டும். ஏரல் அம்மா எழுதியதைப் பார்த்தாயா, எதிர்வீட்டுத் தட்டட்டி இருந்ததால்தான் எட்டுப் பேர் இன்று இருக்கிறார்கள். அதனால் எல்லா வீட்டுக்கும் ஓடு போட்டாலும் பரவாயில்லை, தெருவுக்கு ஒரு வீட்டுக்காவது காங்கிரீட் தட்டட்டியும் வெளியிலிருந்து ஏறுகிற படியும் இருக்கும்படிப் பார்த்துக்கொள். படி வெளியில் இருக்க வேண்டும், ராத்திரியில் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் ஏற.

நீ கட்டுகிற வீட்டுக்கு அடியிலிருந்து மூன்று அடி வரைக்குமாவது செங்கல்லைச் சிமெண்ட் சாந்தில் கட்டு. அதற்கு மேல் பழைய கல்லைப் போடலாம். அஸ்திவாரத்துக்கு மேலே நாலு சுவரையும் சேர்த்து கம்பி போட்ட காங்கிரீட் பெல்ட் ஒன்று ஓடட்டும். அரைஞாண் மாதிரி அது. ஒரு மூலையை ஆறு அரித்தாலும் வீடு முழுசும் ஒன்றாக நிற்கும். வாசலுக்கு நேரே பின்பக்கமும் ஒரு கதவு வை. நுழைந்த தண்ணீர் நேரே வெளியே போக வழி இல்லாவிட்டால் சுவரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். நம் பாட்டன் காலத்து வீடு எல்லாம் அப்படித்தான், முன்வாசலில் நின்றால் புறவாசல் முருங்கை தெரியும்.

உங்கள் நாசரேத்தில் மிஷனரியாக இருந்த மர்காஷிஸ் ஐயர் பஞ்ச காலத்தில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து, 1878-லேயே கைத்தொழில் பள்ளி வைத்தார். பி.காம். பையன் என்று நீ சொன்னாய், சரி. உங்கள் சபையில் தச்சு படித்தவர், வயரிங் தெரிந்தவர் ஒருத்தருமே இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். வாலிபர் சங்கத்தில் இருக்க மாட்டார்கள், ஐம்பது வயது ஆகியிருக்கும். போய்க் கேள். கதவு நிலை அவர்கள் செய்வார்கள். கரண்டு லைன் முழுசும் ஒரு எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினை யாரும் போடக் கூடாது, சுவருக்குள் குழாயில் தண்ணீர் நிற்கும்.

உன் ஆட்களுக்கு டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போடச் சொல். வெறுங்காலோடு சேற்றில் இறங்க விடாதே, ஆணியும் கிடக்கும், எலிக்காய்ச்சலும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் என்ன மாத்திரை என்று சொல்வார்கள். ஓட்டுக் குவியலைக் கையால் கிளறாதே, முதலில் கம்பு. எங்களுக்கு வேதாரண்யத்தில் ஒன்று கிடைத்தது, கண்ணாடி விரியன். அதை விரட்டிய கோயில்பிள்ளை இன்றுவரை அந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னதே இல்லை.

பழைய வி.ஏ.ஓ.
10 ஜனவரி, காலை 9.00

பின்வாசல் விஷயம் சரி. சம்மதக் கடிதம் வாங்கினாயா?

நாசரேத் பக்கத்துப் பையன்
18 பிப்ரவரி 2024, இரவு 9.15

ஒரு மாதத்துக்கு மேல் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம்) வேறு தொடங்கிவிட்டது.

சம்மதக் கடிதம் வாங்கிவிட்டோம் ஐயா. திருப்பூர் அண்ணன் வாட்ஸ்அப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், பொங்கலுக்கு வந்தபோது தாளிலும் வாங்கிக்கொண்டோம். நீங்கள் சொன்ன மாதிரியே, பட்டா அப்பா பேரில் இருக்கிற வீடு. அம்மா, மகன், மருமகள், ரெண்டு பிள்ளைகள். மகன் வாழைக்காய் லோடு ஏற்றப் போகிறவர். இந்த வருஷம் வாழையே இல்லை, அதனால் வேலையும் இல்லை. அவரும் எங்களோடு தினமும் நிமிந்தாள். அந்த வீட்டார் வேதக்காரர் (கிறிஸ்தவர்) இல்லை.

பதினொன்றில் ஏழு வீட்டில் சேறு அள்ளி முடித்தோம், போட்டோ எடுத்த பிறகு. மறைப்புக்குத் தகரம் முதல் நாளே போட்டுவிட்டோம் அக்கா. பெண்கள் சங்கத்திலிருந்து ரெண்டு பேர் என்றீர்கள், ஒன்பது பேர் வந்தார்கள். ஓடு தட்டிப் பிரித்தது முழுக்க அவர்கள்தான். எங்கள் பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் 'டொக்' மட்டும் தப்பவே தப்பாது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஓடு தேறியது. பாட்டிலில் மணலைக் குலுக்கிப் பார்த்தோம், பாதிக்குப் பாதி வண்டல். கொத்தனார் அந்த ஊர்க்காரர்தான், கூலி சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்துவிடுகிறோம்.

சங்கத்தில் இருபத்திரண்டு பேர் என்றேனே, மூன்றாவது வாரம் பதினான்கு, போன வாரம் ஒன்பது. பரீட்சை, வேலை, ஒருத்தனுக்கு நிச்சயதார்த்தம். கோபம் வந்தது, இப்போது இல்லை. ஒன்பது பேர் ஒரு கொத்தனாருக்குப் போதும்.

சுவர் லிண்டல் (கதவு, ஜன்னல் தலைக்கு மேல் போடுகிற உத்திரம்) வரைக்கும் வந்துவிட்டது. பின்வாசல் வைத்தோம். நிலை எங்கள் சபைத் தாத்தா ஒருவர் செய்து தந்தார், அறுபத்தெட்டு வயது, கேட்க ஒருத்தரும் வரவில்லை என்று இத்தனை நாள் வருத்தத்தில் இருந்தாராம். கையில் மிச்சம் முப்பத்தொன்பதாயிரம் இருக்கிறது. கூரைக்குப் பழைய பனங்கையில் பதினாறு தேறியிருக்கிறது, இன்னும் எட்டு வேண்டும். வயிரம் பாய்ந்த பழைய பனங்கை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வண்டி நாங்களே கொண்டு வருகிறோம்.

சாயர்புரம் கொத்தனார்
19 பிப்ரவரி, காலை 5.40

என் பழைய மாட்டுத் தொழுவத்தைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனங்கை பத்து இருக்கிறது. தட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். வண்டி கொண்டு வர வேண்டாம், நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன். கூரை போடுகிற அன்றைக்கு நானும் இருக்க வேண்டும். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்.